அவுட்டாக ஆசைப்பட்ட கீரிக்குட்டி

ஒரு காட்டில், கோடை வந்தால் பாதியாக மெலிந்துவிடும் ஓர் ஆறு இருந்தது. தண்ணீர் ஒதுங்கிய இடத்தில் பரப்பிவிட்டதுபோல நல்ல மணல் கிடக்கும். பெரிய விலங்குகளுக்கு அந்த மணலால் ஒரு பயனும் இல்லை. குட்டிகளுக்கோ அதுதான் சடுகுடு ஆடும் இடம்.

சடுகுடு உங்களுக்குத் தெரியும்தானே? நடுவில் ஒரு கோடு. பந்தயமென்றால் இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர்; மற்ற நாட்களில் இருப்பவர்கள் இரண்டாகப் பிரிந்துகொள்வார்கள். ஒருவர் மூச்சை அடக்கி, "சடுகுடு சடுகுடு" என்று விடாமல் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போக வேண்டும். யாரையாவது தொட்டுவிட்டு, பாட்டு அறாமல் கோட்டுக்குத் திரும்பினால், தொடப்பட்டவர் அவுட். போனவரை நடுவிலேயே பிடித்து, மூச்சு முடியும்வரை அமுக்கி வைத்தால், பாடிப் போனவர் அவுட். அவுட்டானவர் வெளியே உட்கார வேண்டும். தன் பக்கம் ஒரு புள்ளி எடுத்ததும் ஒருவர் உள்ளே வரலாம்.

ஆற்றின் இக்கரைக் குட்டிகளுக்குக் கருமுகன் என்ற குரங்குக்குட்டிதான் தலைவன். நல்ல பிள்ளை. யாருக்காவது முள் குத்தினால் இவன் கண்ணில் தண்ணீர் வரும். அந்தக் கூட்டத்தில் கட்டையன் என்று ஒரு பன்றிக்குட்டி இருந்தான். அவனுக்கு நயமாகப் பேச வராது, நயமாக மோதவும் வராது. முள்ளம்பன்றிக்குட்டி ஒருவனும் உண்டு. அவன் ஆட வரும்போதெல்லாம் முதுகு நிறையக் களிமண்ணை அப்பிக்கொண்டு வருவான். முள் யாரையும் குத்தக் கூடாது என்பதற்காக அவர்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு அது.

அப்புறம் தவிட்டி. தவிட்டு நிறத்தில் இருந்த கீரிக்குட்டி. எதையும் விடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பிடிவாதக்காரி. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது.

தவிட்டியை முதன்முதலாக ஆற்றுக்கு அனுப்பிய அன்று அவளுடைய அம்மா, கருமுகனைத் தனியாக அழைத்தாள்.

"கருமுகா, உன்னை நம்பித்தான் அனுப்பறேன். என் பிள்ளை மேல ஒரு கீறல் விழக்கூடாது. சரியா?"

"சரி அத்தை. நான் பாத்துக்கறேன்" என்று கருமுகன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

வாக்குக் கொடுத்தானே தவிர, அவனுக்குப் பயம் வந்துவிட்டது. கண் தெரியாத பிள்ளை. யாராவது மோதிவிட்டால்? மணலில் முகம் குப்புற விழுந்துவிட்டால்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான்.

"தவிட்டி நம்ம பக்கம். ஆனா அவ ஒப்புக்குச் சப்பாணி" என்று எல்லாரிடமும் சொன்னான்.

ஒப்புக்குச் சப்பாணி என்றால் என்ன என்று உங்களில் கடைக்குட்டியாக இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆட்டத்தில் இருப்பார், ஆனால் இருக்க மாட்டார். அவரைத் தொட்டால் அவுட் இல்லை. அவர் தொட்டாலும் புள்ளி இல்லை. அவர் பாட்டுக்கு ஓடலாம், கத்தலாம், கை தட்டலாம். எண்ணிக்கையில் மட்டும் வர மாட்டார்.

முதல் நாள் தவிட்டிக்கு ஒரே மகிழ்ச்சி. அவள் பாடிப் போனால் எதிர்ப்பக்கத்தார் தாங்களாகவே அருகில் வந்து, "தொடு, தொடு" என்று கையை நீட்டினார்கள். தொட்டதும், "ஐயோ, நான் அவுட்!" என்று பொய்யாக அலறினார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவுட் என்று அலறியவர்களின் காலடிச் சத்தம் வெளியே போகவே இல்லை.

நான்காம் நாள் ஒரு முயல்குட்டி பாடி வந்தான். குரல் எங்கே இருக்கிறதோ அங்கேதானே கால் இருக்கும்? தவிட்டி குரலைக் காதால் அளந்தாள். குனிந்தாள். பாய்ந்தாள். முயலின் பின்னங்காலை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். முயல் உண்மையாகவே திமிறினான். அவள் விடவில்லை. அவன் பாட்டு அறுந்தது.

"பிடிச்சுட்டேன்! பிடிச்சுட்டேன்!" என்று கத்தினாள் தவிட்டி. "கருமுகா, எனக்கு எத்தனை புள்ளி?"

"பிரமாதம் தவிட்டி! நீதான் எப்பவும் ஜெயிச்சவளாச்சே, உனக்கு எதுக்குப் புள்ளி?" என்றான் கருமுகன். பிறகு முயலைப் பார்த்து, "போடா, போய் மறுபடியும் பாடி வா. இது கணக்குல இல்ல" என்றான்.

தவிட்டியின் வால் மெல்லக் கீழே இறங்கியது.

"நான் நிஜமாத்தானே பிடிச்சேன்?"

"ஆமா. யாரு இல்லன்னா?"

"அப்ப ஏன் கணக்குல இல்ல?"

"நீ ஒப்புக்குச் சப்பாணி, தவிட்டி. அதுல உனக்கு நல்லதுதானே? உன்னை யாரும் அவுட்டே ஆக்க மாட்டாங்க."

"எனக்கு அவுட்டாகணும்" என்றாள் தவிட்டி.

எல்லாரும் சிரித்தார்கள். அவுட்டாகக் கூடாது என்று ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அவுட்டாக வேண்டும் என்று அழுகிறவர்களை யார் பார்த்திருக்கிறார்கள்? தவிட்டி சிரிக்கவில்லை. தட்டுத் தடுமாறிக் கரைக்குப் போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு மிகவும் வலித்தது. கீறல் எதுவும் இல்லாமலேயே வலித்தது.

சிறிது நேரம் கழித்துக் கட்டையன் உறுமிக்கொண்டே அவளிடம் வந்தான்.

"இந்தா, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காராதே. உனக்கு என்னதான் வேணும்? சொல்லு."

இதுவரை யாரும் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவளோ இதற்கு எப்போதோ பதில் வைத்திருந்தாள்.

"கோடு எங்க இருக்குன்னு என் காலுக்குத் தெரியணும். நான் பாடிப் போறப்ப நீங்கல்லாம் எங்க நிக்கறீங்கன்னு என் காதுக்குத் தெரியணும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா நாலு நாளா இத்தனை கூத்து!" என்றான் கட்டையன்.

உடனே அவன் மணலில் மூக்கை நட்டான். நேராக உழுதுகொண்டே போனான். குச்சியால் கிழித்த கோடு இருந்த இடத்தில் இப்போது ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. கால் வைத்தால் கோடு தெரியும். கை வைத்தாலும் தெரியும்.

கரையில் ஒரு வாகை மரம் நின்றது. கோடையில் அதன் காய்கள் எல்லாம் காய்ந்து நெற்றாகி, காற்றடித்தால் கலகலவென்று சத்தம் போடும். கட்டையன் கீழே விழுந்து கிடந்த நெற்றுகளை வாரிக்கொண்டு வந்தான். தன் காலில் இரண்டைக் கொடியால் கட்டி, நடந்து காட்டினான். கலகல, கலகல.

"இங்க நிக்கறே! இப்ப அங்க போறே!" என்று தவிட்டி கை நீட்டிக் காட்டினாள்.

மூக்கால் மோந்து கண்டுபிடிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இத்தனை குட்டிகள் வேர்த்து விறுவிறுத்துப் புரண்டு எழுந்த மணலில் நீங்கள் ஒரு தடவை மூக்கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

கருமுகன் வந்து பள்ளத்தைப் பார்த்தான். நெற்றைப் பார்த்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவளைப் பிடிக்கறது, அமுக்கறது எல்லாம் கிடையாது. அத்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"முள்ளம்பன்றிக்குக் களிமண் பூசினோமே, அவனை ஒப்புக்குச் சப்பாணின்னா சொன்னோம்?" என்றான் கட்டையன்.

"அது வேற, இது வேற" என்றான் கருமுகன். எப்படி வேறு என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் அவன் தலைவன். அதனால் பேச்சு அதோடு நின்றது.

வாரக் கடைசியில் அக்கரைக் குட்டிகள் ஆட வந்தார்கள். கோடைக்கு ஒரு முறை இரண்டு கரைக்கும் பந்தயம் நடக்கும். அக்கரைக்குத் தலைவன் இனியன் என்ற நரிக்குட்டி. பெயரைப் போலவே பேச்சும் இனிப்பாக இருக்கும். கேட்டு முடித்த பிறகுதான் வயிற்றைப் பிசையும்.

நடுவராக உடும்பு மாமா வந்து உட்கார்ந்தார். உடும்பு மாமா எதைப் பிடித்தாலும் விட மாட்டார். விதியைப் பிடித்தால் விடவே மாட்டார்.

அன்று பார்த்து இக்கரையில் மான்குட்டிக்குக் குளம்பின் நடுவில் நெருஞ்சி முள் ஏறிவிட்டது. காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. கருமுகன் தன் ஆட்களை எண்ணினான். ஆறு பேர்தான் தேறினார்கள்.

"அடடா, கவலைப்படாதே கருமுகா" என்று இனியன் அருகில் வந்தான். "அதோ அந்தக் கீரித் தங்கச்சி இருக்காளே. பாவம், அவளையும் ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்க. நாங்க அவளைத் தொடக்கூட மாட்டோம். சத்தியம்."

கருமுகனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. "நீ ரொம்ப நல்லவன்டா இனியா" என்றான்.

உடும்பு மாமா தொண்டையைக் கனைத்தார்.

"ஒப்புக்குச் சப்பாணி ஆள் கணக்குல வராது. விதி ஏழு பேர். ஏழு பேர் இல்லாத பக்கம், ஆடாமலே தோத்த பக்கம். இக்கரை தோத்துடுச்சுன்னு சொல்லிடட்டுமா?"

இனியன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். அவனுக்கு விதி தெரியும் போலிருக்கிறது!

கருமுகன் விழித்தான். தவிட்டியை ஆளாகச் சேர்த்தால், அவளைப் பிடிப்பார்கள், அமுக்குவார்கள். சேர்க்காவிட்டால், பந்தயம் ஆடுமுன்பே போய்விடும். ஒரு பக்கம் வாக்கு, ஒரு பக்கம் தோல்வி. அவன் வாலைக் கையில் பிடித்துப் பிசைந்துகொண்டு நின்றான்.

அதற்குள் தவிட்டி எழுந்து, பள்ளக்கோட்டைக் காலால் தடவிக்கொண்டு உடும்பு மாமாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, என்னை எண்ணுங்க."

"ஒப்புக்குச் சப்பாணியாவா, ஆளாவா?"

"ஆளா."

"தொட்டா அவுட்டு. பிடிச்சா அவுட்டு. சம்மதமா?"

"சம்மதம் மாமா! சம்மதம்!" என்றாள் தவிட்டி. அவள் குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டு உடும்பு மாமாவே ஒரு கணம் திகைத்துவிட்டார்.

அவர் நிதானமாக ஒவ்வொருவர் தலையாக வாலால் தட்டி எண்ணினார். "நாலு, அஞ்சு, ஆறு." தவிட்டியின் தலையில் வால் பட்டது. "ஏழு."

தவிட்டி அந்த இடத்தைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

இனியனுக்குப் பிடிக்கவில்லை. "மாமா, கோடு எதுக்குப் பள்ளமா இருக்கு?"

"கோடு இருக்கணும்னு விதி. ஆழம் எவ்வளவுன்னு விதி இல்ல."

"காலுல நெத்து கட்டணுமாமே?"

"ரெண்டு பக்கமும் கட்டினா சரிதான். பூந்தோட்டமே கட்டிக்கிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல."

இனியன் தன் ஆட்களைக் கூட்டிக் காதோடு சொன்னான். "கட்டிக்குவோம். ஆனா அவ பாடி வர்றப்ப ஒருத்தரும் அசையக் கூடாது. மரம் மாதிரி நில்லுங்க. நெத்து சத்தம் போடாது. ரெண்டு சுத்து சுத்திட்டுப் போயிடுவா. அவளைப் பிடிக்கவும் வேணாம். பாவம், கண்ணு தெரியாத பிள்ளையை அமுக்கினா ஊரு நம்மளைத் திட்டும்."

ஆட்டம் தொடங்கியது.

இரண்டு பக்கமும் சளைக்கவில்லை. கருமுகன் பறந்து பறந்து தொட்டான். கட்டையன் யாரையும் விடாமல் மோதித் தள்ளினான். தவிட்டியின் முறை வந்தது. அவள் பள்ளத்தைத் தாண்டி, "சடுகுடு சடுகுடு" என்று பாடிப் போனாள். ஒரு நெற்றும் அசையவில்லை. இடப்பக்கம் போனாள். வலப்பக்கம் போனாள். காற்றைத்தான் தொட்டாள். மூச்சு முடிவதற்குள் கோட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

"பாவம்" என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. அந்தச் சொல்லை அவள் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது முறை அவள் பாடிப் போனாள். இந்த முறையும் ஏழு பேரும் மரம் மாதிரி நின்றார்கள். தவிட்டி நடு மணலுக்குப் போனதும் கால் தடுக்கித் தொப்பென்று குப்புற விழுந்தாள். "சடு... குடு... சடு... குடு..." பாட்டு அழுகையைப் போல இழுத்தது. ஆனால் அறவில்லை.

"ஐயோ, அடிபட்டுடுச்சு!" என்று ஒரு மரநாய்க்குட்டி ஓடி வந்தான். கலகல.

"பாவம்டா, தூக்கி விடு!" என்று ஓர் ஆட்டுக்குட்டி குனிந்தாள். கலகல.

இனியன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிப்பில் உடம்பு குலுங்கியது. உடம்பு குலுங்கினால் கால் குலுங்காதா? கலகலகல.

அவ்வளவுதான். விழுந்து கிடந்தவள் வில்லாகத் துள்ளி எழுந்தாள். மரநாயைத் தொட்டாள். ஆட்டைத் தொட்டாள். நரியின் மூக்கிலேயே ஒரு தட்டுத் தட்டினாள். "சடுகுடுசடுகுடுசடுகுடு" என்று ஓடினாள். பள்ளம் காலில் பட்டதும் நின்றாள்.

"மூணு பேர் அவுட்!" என்றார் உடும்பு மாமா.

இக்கரை அதிர்ந்தது. வெளியே உட்கார்ந்திருந்த மான்குட்டி முள் குத்திய காலை மறந்துபோய்க் குதித்து, மறுபடியும் "ஆ" என்று உட்கார்ந்தான்.

"இது ஏமாத்து!" என்று கத்தினான் இனியன். "விழுந்த மாதிரி நடிச்சா!"

"விழக் கூடாதுன்னு விதி இல்ல" என்றார் உடும்பு மாமா.

"என்னைப் பாவம்னு நினைக்கச் சொல்லி நானா கேட்டேன்?" என்றாள் தவிட்டி, மூச்சு வாங்கிக்கொண்டே.

அதன் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. அவுட்டானவர்கள் உள்ளே வருவதும், உள்ளே இருந்தவர்கள் வெளியே போவதுமாக இருந்தது. வாகை மரத்தின் நிழல் பள்ளக்கோட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது என்று பேச்சு. நிழல் கோட்டை நெருங்கியபோது அக்கரைக்குப் பதினேழு புள்ளி, இக்கரைக்குப் பதினாறு. கடைசியாகப் பாடிப் போகும் முறை இக்கரையுடையது. முறை தவிட்டிக்கு.

எதிர்ப்பக்கத்தில் இனியன் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் தவிட்டியின் காது எப்பேர்ப்பட்ட காது!

"இந்தத் தடவை யாரும் பாவம் பாக்காதீங்க. சும்மா விட்டோம்னா நம்மளைக் கவுத்துடுவா. ஏழு பேரும் சேந்து மேல விழுந்து பிடிங்க. இவளை லேசுல நினைக்காதீங்கடா."

தவிட்டிக்கு மயிர் சிலிர்த்தது. அது பயம் இல்லை. அவளைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையை யாரும் இதற்கு முன் சொன்னதே இல்லை.

கருமுகன் அவள் தோளைப் பிடித்தான். "தவிட்டி, நான் போறேன். ஏழு பேரும் விழப் போறாங்க."

"என் முறை" என்றாள் தவிட்டி. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..."

நெற்றுகள் எல்லாப் பக்கமும் கலகலத்தன. அவள் முதலில் கேட்ட சத்தத்தின் மேல் பாய்ந்தாள். இனியன்தான். தொட்டுவிட்டாள்! கோட்டுக்குத் திரும்பிவிட்டால் போதும். திரும்பினாள். இரண்டடி ஓடியிருப்பாள். மரநாய் காலைப் பிடித்தான். ஆடு இடுப்பைப் பிடித்தாள். பிறகு ஒருவர் மேல் ஒருவராக ஏழு பேரும் விழுந்தார்கள். தவிட்டியின் வால் நுனிகூட வெளியே தெரியவில்லை.

சரியாக அந்த நேரத்தில்தான் அவள் அம்மா நாணல் புதரை விலக்கிக்கொண்டு வந்தாள். ஆற்றுப் பக்கம் கேட்ட கூச்சல் அவளை வளையிலிருந்து இழுத்து வந்திருந்தது.

"என் பிள்ளை எங்கே?"

"விடுங்க அவளை! ஆட்டத்தை நிறு..." என்று கருமுகன் கத்தப் போனான். கட்டையன் அவன் வாயைக் குளம்பால் பொத்தினான்.

"நிறுத்தினா அவ மறுபடியும் ஒப்புக்குச் சப்பாணிடா. பேசாம இரு."

"என் பிள்ளை எங்கேன்னு கேக்கறேன்!" என்று அம்மா அலறினாள்.

"குவியலுக்கு அடியில இருக்கா அத்தை" என்றான் கட்டையன். "காதைக் கொடுத்துக் கேளுங்க."

அம்மா கேட்டாள். குவியலுக்கு அடியிலிருந்து, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு சின்னக் குரல் வந்துகொண்டிருந்தது. "சடுகுடு... சடுகுடு... சடுகுடு..."

அழுகை இல்லை. முனகல் இல்லை. பாட்டுதான்.

அம்மா ஓடப் போன காலை அப்படியே நிறுத்திக்கொண்டாள். குவியல் மெல்ல நகர்ந்தது. ஆமாம், ஏழு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நகர்ந்தது! அடியிலிருந்து ஒரு தவிட்டு நிறக் கை வெளியே வந்தது. அந்தக் கை மணலைத் தடவியது. பள்ளக்கோட்டைத் தேடியது. கோடு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அரை முழமானது. ஒரு சாணானது. பாட்டு மெலிந்துகொண்டே வந்தது.

"இன்னும் கொஞ்சம்!" என்று கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? அம்மாதான்.

ஒரு விரற்கடை இருந்தது. "சடு..." என்றது குரல். அப்புறம் ஒன்றும் இல்லை. மூச்சு தீர்ந்துவிட்டது.



உடும்பு மாமா நடந்து வந்தார். தவிட்டியின் விரலைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே தன் நகத்தை வைத்து அளந்தார்.

"தவிட்டி," என்றார், "அவுட்!"

குவியல் பிரிந்தது. அடியிலிருந்து தவிட்டி எழுந்தாள். வாய் நிறைய மணல். முழங்காலில் நீளமாக ஒரு கீறல்.

"மாமா, என்ன சொன்னீங்க?"

"அவுட்."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"அவுட்டுன்னா அவுட்டுதான். எத்தனை தரம் கேட்டாலும் மாத்த மாட்டேன்!" என்று உடும்பு மாமா கோபித்துக்கொண்டார்.

தவிட்டி மணலைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். யாரும் கைபிடித்து அழைத்துப் போகவில்லை. பள்ளத்தைக் காலால் தடவி, தானாகவே வெளியே நடந்துபோய், அவுட்டானவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். அந்த இடம் அவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

கருமுகன் ஓடி வந்தான். அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தான். தலையைத் தொட்டுப் பார்த்தான். எலும்பு எதுவும் முறியவில்லை. உயிர் வந்ததுபோல அவனுக்கு நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. பெருமூச்சு முடிந்த கையோடு கோபமும் வந்தது.

"ஒரு விரற்கடை! ஒரே ஒரு விரற்கடை! உன்னைப் பிடிச்சிருந்த ஏழு பேரும் அவுட்டாகியிருப்பாங்க! முதல்லயே கையை நீட்டறதுக்கென்ன? ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோத்துட்டு வந்து சிரிக்கிறியே!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தவிட்டியைத் திட்டிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"திட்டு, இன்னும் திட்டு" என்றாள் தவிட்டி. "கட்டையனைத் திட்டுவியே, அந்த மாதிரி திட்டு."

இனியன் மூக்கைத் தடவிக்கொண்டே வந்தான். "அடுத்த கோடைக்கு நீ வருவியா?" என்று கேட்டான். இந்த முறை அவன் பேச்சில் இனிப்பு இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டான்.

"வருவேன்" என்றாள் தவிட்டி.

அப்போது அம்மா அருகில் வந்தாள். கருமுகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"அத்தை, வாக்குக் கொடுத்தேன். கீறல் விழுந்திருச்சு."

அம்மா குனிந்து மகளின் முழங்காலை நக்கினாள். கீறல் ஆழமில்லை. கட்டையனின் உடம்பில் இதைப்போல ஒன்பது இருக்கும். பிறந்த நாள் முதல் எது நடந்துவிடுமோ என்று அவள் பயந்துகொண்டிருந்தாளே, அது இவ்வளவுதானா? அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பும் வந்தது.

"உன்னை எத்தனை பேர்டி பிடிச்சாங்க?"

"ஏழு பேரும்மா."

"ஒருத்தியைப் பிடிக்க ஏழு பேரா!" அம்மா நிமிர்ந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு கருமுகனின் காதைப் பிடித்தாள்.

"ஏண்டா, உனக்கு அறிவிருக்கா? நாள் பூரா ஓடிக் களைச்ச பிள்ளையைக் கடைசியாவா பாட விடுவாங்க? நாளையிலேர்ந்து அவளை முதல்ல அனுப்பு. மூச்சு நிறைய இருக்கும்."

நீதி: ஆட்டத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதென்றால், ஜெயிக்க மட்டுமல்ல, தோற்கவும் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும்.